குமுதா செட்டு கிழிந்த நாள்

எங்கள் தொழிற்சாலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் இருக்கும் சின்னப் பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் ஆவடி குவார்ட்டர்ஸ்வாசிகளான எங்களுக்கு நல்லது கெட்டது எல்லாமே ஷிப்டு முடிந்த பிறகுதான் தெரியவரும். சென்ற மாதம் ஒரு மாலை பெட்டியைத் திறந்தபோது சேகரிடமிருந்து அழைப்பு மேல் அழைப்பாக வந்திருந்தது. சேகர், குமுதா அக்காவின் மகன். அங்கேயே நின்று திருப்பி அழைத்தேன். "அம்மா பூட்டாங்க சார். காலைல டீ குட்ச்சிக்கினே இருந்தாங்க, அப்டியே சாஞ்சிட்டாங்க" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனே கேட்டான்: "நம்ம மைக் செட்டு உங்க ஊட்லதானே சார் கீது? அத்த எடுத்துக்கினு வர்றீங்களா? அம்மாவுக்கு வேற செட்டு போட எனுக்கு மனசு வரல."

அவன் கேட்டதன் கனம் அக்காவை அறிந்த இந்த வட்டாரத்துக்காரர்களான உங்களுக்குப் புரியும். குமணன்சாவடி, பூந்தமல்லி, திருவேற்காடு பக்கம் காதுகுத்தோ கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, எதற்காவது மைக் செட் போட்டவர்களுக்குக் குமுதவல்லி அக்காவைத் தெரியாமல் இருக்காது. கடை தொடங்கியபோது அவர் கணவர் புது மனைவியின் பெயரையே கடைக்கு வைத்தார். ஒவ்வொரு செட்டின் நெற்றியிலும் மஞ்சள் பெயின்டில் 'குமுதா' என்று எழுதினார். கணவர் இறந்த பிறகு செட்டுகளை விற்றுவிடச் சொன்னவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்காவே ஏணியில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்ட ஆரம்பித்தார். பெயர் அவருடையது, அதைக் காப்பாற்றும் பொறுப்பும் அவருடையதாயிற்று.

அந்தப் பெயர் ஒரே ஒரு வாக்கியத்தில் நின்றது: "குமுதா செட்டு கீயாது." தாங்கும் அளவுக்கு மேல் சத்தம் வைத்தால் குரல் கரகரத்து உடையும். அதைத்தான் மைக் செட்காரர்கள் கிழிவது என்கிறார்கள், அக்கா வாயில் 'கீயறது'. அந்த அவமானம் வரக்கூடாது என்று எல்லா செட்டின் வால்யூம் திருகிலும் அக்கா சிவப்பு நகப் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தார். பொட்டைத் தாண்டித் திருக யாருக்கும் உரிமை இல்லை. திருவேற்காட்டில் ஒரு கூட்டத்தில் பேச்சாளர், "இன்னும் சத்தம் வைம்மா" என்று மைக்கிலேயே கேட்டிருக்கிறார். அக்கா கீழே இருந்தபடியே, "நீ மைக்காண்ட வா நைனா, சத்தம் தானா வரும்" என்றாராம். கூட்டம் கைதட்டியது, பேச்சாளரும் ஒரு அடி முன்னால் வந்தார் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். அப்பாவின் வேலையால் ஆவடிக்கு வந்து, அதே தொழிற்சாலையில் சேர்ந்து, குவார்ட்டர்ஸிலேயே தலை நரைத்தவன். வேலை நேரம் போக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பேன். உடன் வேலை பார்க்கும் இரண்டு பேரோடு ஒரு குழுவும் உண்டு. என்னிடம் இருந்த ஆம்ப்ளிபயரில் என் கிட்டார் தகர டப்பாவைத் தட்டுவது போலத்தான் கேட்கும். கண்ணாடி வால்வுகள் சிவந்து எரியும் பழைய காலத்து செட்டில் கிட்டாரைப் போட்டால் ஒலி தடித்து, நீண்டு, ஓரத்தில் கொஞ்சம் கிழிந்து வரும். உலகமெல்லாம் கிட்டார்காரர்கள் அந்தக் கிழிசலுக்காகத்தான் அலைகிறார்கள். அப்படிப்பட்ட செட் ஒன்று குமணன்சாவடி சந்திப்பில், ஒரு மைக் செட் கடையில், டேபிள் ஃபேனுக்கு முக்காலியாக இருக்கும் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பஸ்ஸுக்காக நின்றபோது நானாகத்தான் பார்த்தேன்.

"அக்கா, ஃபேனுக்குக் கீழ இருக்கிறது வால்வு செட்டா?"

"ஆமா. இன்னாத்துக்கு?"

"வேலை செய்யுமா?"

"செய்யும். ஆனா கீயும். அதான் மூலைல ஒக்கார வச்சிக்கீறேன்."

கிழியும் என்று கேட்டதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிட்டாரோடு போய் நின்றேன்.

அக்கா உடனே செட்டைப் போட்டுவிடவில்லை. முதலில் அதன் பழைய இரண்டு முனை பிளக்கை வெட்டி எறிந்தார். எர்த்தோடு மூன்று முனை ஒயர் மாட்டினார். "மைக்குல பேசறவன் தள்ளி நிப்பான். நீ கம்பியவே புட்ச்சிக்கினு நிக்கற. கரண்டு வந்தா மொதல்ல உன்னத்தான் இஸ்துக்கும்" என்றார். மூடியைத் திறந்து உள்ளே வேலை செய்யும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தச் செட்டுகளுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், இரண்டு கையும் உள்ளே போனால் நெஞ்சு வழியாகப் பாய்ந்துவிடும் என்று விளக்கினார். குழாய் ஸ்பீக்கரில் கிட்டார் காதைக் குத்தும் என்பதால் பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, செட்டின் பின்புறம் அதற்குரிய இணைப்பு முனை எது என்று பார்த்து மாட்டினார். கிட்டாரை ரெக்கார்டு போடும் துளையில் செருகச் சொன்னார். மைக் துளையில் சத்தம் பல மடங்கு பெருகும், அது மைக்குக்கு மட்டும்தான் என்பது அவர் சட்டம்.

வால்வுகள் சிவந்தன. நான் ஒரு தட்டு தட்டினேன். ஒலி கரகரவென்று கிழிந்து வந்தது. என் முகம் மலர்ந்த அதே நேரத்தில் அக்கா காதைப் பொத்திக்கொண்டு சுவிட்சை அணைத்தார்.

"பாத்தியா? சொன்னேன்ல?"

"இதுதான்க்கா வேணும்!"

"இன்னாது? கெட்டுப்போனத வோணும்னு கேக்கற மொத ஆளு நீதாம்பா."

வெளியே கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடையிலேயே வந்து வாசித்துக்கொள்ள மட்டும் அனுமதி கிடைத்தது. ஞாயிறுதோறும் போனேன். என்னைக் "கித்தாரு" என்று கூப்பிடத் தொடங்கினார். நான் வாசிப்பேன், அவர் பூண்டு உரித்துக்கொண்டே முகம் சுளிப்பார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தால், "செட்டு கெட்டுப்போச்சு, ரிப்பேரு நடக்குது" என்று அவர்களிடம் அளப்பார். ஒருநாள் ஒரு ஸ்வரத்தை நீளமாக இழுத்து நிறுத்தினேன். பூண்டு உரித்த கை நின்றது. "அந்த ஒண்ண மட்டும் திருப்பி வாசி" என்றார். வாசித்தேன். "அழுவற மாரியும் கீது, சண்ட போடற மாரியும் கீது" என்றார். அன்றைக்குத்தான் செட்டை எடுத்துப்போகச் சொன்னார். ஆனால் நெற்றியிலிருந்த 'குமுதா' என்ற பெயரின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இழுத்து ஒட்டிவிட்டுத்தான் கொடுத்தார். "கீஞ்சா உம்பேரு கெடட்டும். எம்பேரு ஏன் கெடணும்?" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த ஆண்டு ஆடி வந்தது. அக்கா வீடு இருக்கும் தெருவின் அம்மன் கோயிலில் காப்புக் கட்டும் நாளிலிருந்து பாட்டு குமுதா செட்டில்தான் போகும். கணவர் காலத்திலிருந்து அப்படித்தான். விழாக் குழுத் தலைவர் கஜேந்திரன் கடைக்கு வந்து, இளைஞர்கள் வீடு உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் கேட்கிறார்கள், பைபாஸ் பக்கம் ஓர் ஆளைப் பார்த்திருக்கிறோம் என்று இழுத்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். அக்கா எழுந்து நின்றுவிட்டார். "இந்த வருசம் என் செட்டுல கித்தாரு கச்சேரி போடறேன். பசங்க எந்திரிச்சிப் பூட்டாங்கன்னா அடுத்த வருசம் நானே வரமாட்டேன். சரியா?" என்றார். கஜேந்திரன் சரி என்றார். அந்தக் கோயிலில் செட் இல்லையென்றால் அக்காவுக்குச் சொந்தத் தெருவிலேயே தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அந்தத் தலை இப்போது என் விரல்களில் இருந்தது.

விழாவுக்கு முந்தைய வாரம், "செட்ட குடு, ஒருவாட்டி பாத்துட்டுத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்தேன். கச்சேரி நாள் மாலை மேடையில் கிட்டாரை மாட்டி ஒரு தட்டு தட்டினேன். சுத்தமாக, தெளிவாக, கோயில் மணி போல வந்தது. இன்னொரு தட்டு தட்டினேன். ஒரு கீறல்கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் அக்கா முகமெல்லாம் பூரிப்பாக நிற்கிறார்.

"எப்டி கீது? கண்டென்சரு பூரா மாத்திட்டேன். வால்வு, எங்க ஊட்டுக்காரரு பத்திரமா எடுத்து வச்ச ஜோடி. உனுக்குன்னு போட்டேன்."

"அக்கா... இது கிழியலையே."

"கோயில்ல இன்னாத்துக்குக் கீயணும்?"

எங்கள் டிரம்ஸ்காரர் மோகன் சிரிப்பை அடக்க முடியாமல் மேடைக்குப் பின்னால் ஓடிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு யார் செய்திருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். கணவர் வைத்துவிட்டுப் போன வால்வை எடுத்துப் போட்டவரிடம் என்ன சண்டை போடுவது? மைக் செட்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. பிரியத்தில் பழுது பார்த்துவிட்டார்.

கச்சேரி தொடங்கியது. அம்மன் பாட்டு மெட்டுகளை வாசித்தோம். ஒலி சுத்தமாக இருந்தது, உயிர்தான் இல்லை. முன்வரிசை இளைஞர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாவது மேடையிலிருந்து நன்றாகத் தெரியும். அதைவிடக் கொடுமை வாசிப்பவனுக்கு இல்லை. கஜேந்திரன் கைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பைபாஸ் ஆளிடம்தான் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அக்கா மேடையோரம் அசையாமல் நின்றார்.

அப்போது பூங்கரகம் தெருமுனைக்கு வந்தது. பம்பை முழங்கியது. நாங்கள் வாசிப்பதை நிறுத்தினோம். மேடைக்கு எதிரே ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது. அவர் போட்ட கூச்சல் மேடையோர மைக்கில் ஏறித் தெருவெங்கும் கேட்டது. குரல் கிழிந்து கிழிந்து வந்தது. ஒருவரும் காதைப் பொத்தவில்லை. எழுந்து போனவர்கள்கூட நின்று கைகூப்பினார்கள். அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு செட்டைப் பார்த்தார்.

விறுவிறுவென்று மேடையேறி வந்தார். இடது கை வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் இருந்தது. ரெக்கார்டு துளையிலிருந்து என் ஒயரைப் பிடுங்கி மைக் துளையில் செருகினார். வால்யூம் திருகில் கை வைத்தார். சிவப்புப் பொட்டு வந்தது, அதைத் தாண்டினார். இன்னும் தாண்டினார்.

"வாசி" என்றார்.

வாசித்தேன். உங்களில் பலர் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள், நான் மிகைப்படுத்தினால் உங்களுக்கே தெரிந்துவிடும். கடையில் நான் கேட்டது நோயாளியின் இருமல். இது அப்படி இல்லை. தொண்டை முழுக்கப் பலத்தோடு ஒருவர் கத்துகிற கத்தல். அடிவயிற்றிலிருந்து எழுந்து, கிழிந்து, ஆனால் உடையாமல், விட்ட பிறகும் நின்று ஒலித்தது. பம்பைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த சுற்றில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உடுக்கையும் வந்தது. டீக்கடைக்குப் போன இளைஞர்கள் கிளாஸோடு ஓடிவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டுத் தெருவே ஆடியது. கஜேந்திரன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஆடினார். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் அக்கா குனிந்து, செட்டின் நெற்றியிலிருந்த கறுப்பு டேப்பை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் பிய்த்தார்.

"பேரு தெரியட்டும்!" என்று கத்தினார். அவர் குரலும் கிழிந்திருந்தது.

கச்சேரி முடிந்ததும், எப்படித் தோன்றியது என்று கேட்டேன். கூழ் குடித்துக்கொண்டே சொன்னார்: "சாமி வந்தவ கொரலு கீயுது. அத்த யாராச்சும் ரிப்பேரு பண்ணுவாங்களா? கெட்டுப்போயி கீயறது வேற, தெம்பு தாங்காம கீயறது வேற. இத்தினி வருசமா ரெண்டும் ஒண்ணுன்னு நென்ச்சிக்கினு இருந்தேன் பாரு." அக்கா பழுது பார்த்திராவிட்டால் அந்தச் சத்தம் வந்திருக்காது என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு கஜேந்திரன் வந்தார். "அக்கா, அடுத்த வருசமும் நீயே போட்ரு" என்றார். "பாக்கலாம். பசங்க இன்னா கேக்கறாங்கன்னு விசாரிச்சிட்டு சொல்றேன்" என்றார் அக்கா. கூழ் எனக்குப் புரையேறிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் அறியும். அந்தத் திருகில் சிவப்புப் பொட்டுக்கு அப்பால் பச்சையில் இன்னொரு பொட்டு வந்தது. சிவப்பு பேசுகிறவர்களுக்கு, பச்சை கித்தாருக்கு. சென்னையின் எந்தெந்த மூலையிலிருந்தோ கிட்டார்காரர்கள் குமணன்சாவடிக்கு வந்து இறங்கினார்கள். பக்கத்து ஊர் மைக் செட்காரர்கள் பரணில் போட்டிருந்த வால்வு செட்டுகளை அக்கா வாங்கிவந்து, பிளக்கை வெட்டி, எர்த் கொடுத்து, கண்டென்சர் மாற்றி, மஞ்சள் பெயின்டில் தன் பெயரை எழுதினார். கெட்டுப்போன செட்டுதான் வேண்டும் என்று வந்தவர்களை விரட்டினார். ஓர் இளைஞர் துரு, பழைய பிளக் எல்லாம் அப்படியே இருந்தால்தான் அழகு என்றார். அவர் கண் முன்னாலேயே பிளக்கை நறுக்கி, "அழகு உன் ஃபோட்டோல இருக்கட்டும், உசுரு உன்கிட்ட இருக்கட்டும்" என்று செட்டைக் கையில் கொடுத்தனுப்பினார். அவர் இப்போது பெரிய மேடைகளில் வாசிக்கிறார். பின்னால் மஞ்சள் எழுத்து தெரியும்.

இனி சேகர் அழைத்த அந்த மாலைக்கு வருகிறேன். பருத்திப்பட்டு வழியாக ஆட்டோவில், கிட்டாரைத் தோளில் மாட்டி, செட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கனமான செட், கால் மரத்துப்போயிற்று. அழுகை வந்தபோது துடைக்கக் கை ஒழியவில்லை. அக்காவின் தெருவில் பூந்தமல்லி, வானகரம் மைக் செட்காரர்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. பாக்ஸ் எல்லாம் வண்டியிலேயே இருந்தது. ஒருவரும் இறக்கவில்லை. "குமுதாம்மா ஊட்ல குமுதா செட்டுதான் சார். நாங்க சொம்மா தொணைக்கு வந்தோம்" என்றார் ஒருவர். தொழிலில் அக்காவோடு மல்லுக்கு நின்ற ஆள் அவர்.

வாசல் பந்தலில் செட்டை வைத்தோம். சேகர் எர்த்தைச் சரிபார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டான். வால்வு சூடேறும்வரை எல்லோரும் பேசாமல் நின்றோம். அந்த நேரத்தில் பேசினால் அக்காவுக்குப் பிடிக்காது. கஜேந்திரன் பெரிய ரோஜா மாலை கொண்டுவந்து அக்காவுக்குச் சாத்தினார். இன்னொரு மாலையைச் செட்டுக்கும் போட்டார். அது இறங்கிப் பெயரை மறைத்துவிட்டது. நான் கிட்டாரோடு குனிவதற்குள் சேகர் முந்திக்கொண்டான். வலது கையால் மாலையை மெல்ல மேலே தூக்கி ஒதுக்கினான். அவனது இடது கை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தது. அவன் அதை அறியவில்லை.

"பேரு தெரியட்டும் சார்" என்றான்.

சிவப்புப் பொட்டைத் தாண்டி, பச்சை வரை திருகினேன். பம்பைக்காரர்கள் வந்திருந்தார்கள். அன்றைக்குக் கோயிலில் வாசித்ததையே வாசித்தேன். கிழிந்தது. தெம்பாகக் கிழிந்தது. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். தெருமுனைவரை அக்கா அந்தச் சத்தத்தோடுதான் போனார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இவை: அந்த செட், அதன் திருகில் இரண்டு பொட்டு, பெயரைச் சுற்றி இன்னும் ஒட்டியிருக்கும் டேப்பின் பிசின், அதை நான் துடைப்பதில்லை. மூடியைத் திறந்தால் தானாகப் பின்னால் போகும் என் இடது கை. எதையும் முதலில் நன்றாகப் பழுது பார்த்து, பிறகு பயப்படாமல் பொட்டைத் தாண்ட வேண்டும் என்ற புத்தி. போன வாரம் கஜேந்திரன் அழைத்திருந்தார். ஆடியில் காப்புக் கட்டும் நாளிலிருந்து பாட்டு குமுதா செட்டில்தான். வால்வு சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும், முன்னாலேயே வந்துவிடுங்கள்.